மெஷினில் தண்ணீர் வடியவில்லை, அம்மா

17 ஜூன் 1985, திங்கள்

ஊருக்கெல்லாம் தண்ணி காட்டுகிற எனக்கே இன்றைக்கு ஒரு மெஷின் தண்ணி காட்டிவிட்டது.

அம்மாவின் வாஷிங் மெஷின். குவைத்தில் நர்ஸ் வேலை பார்க்கிற அம்மா, போன டிசம்பர் லீவில் வந்தபோது கொண்டுவந்தது. புத்தூரிலேயே இது ஒன்றுதான் என்பது நைனாவின் பெருமை. இரண்டு தொட்டி: ஒன்று துவைக்க, ஒன்று பிழிய. பாத்ரூமில் வைத்தால் யார் பார்ப்பார்கள்? அதனால் ஹாலில், ரேடியோவுக்குப் பக்கத்தில், லேஸ் விரிப்பு போர்த்திக்கொண்டு நிற்கிறது. சுவரில் ஓட்டை போட்டு, அழுக்குத் தண்ணீர்க் குழாயைக் கொல்லைப்பக்கம் விட்டிருக்கிறார் நைனா.

குமிழைத் திருப்பினால் தண்ணீர் கடகடவென்று இறங்கிப் போகும். இன்றைக்குப் போகவில்லை. உள்ளே நைனாவின் ரயில்வே ஸ்டேஷன் யூனிபார்ம் இரண்டு செட், சோப்பு நுரையில் முங்கிக் கிடக்கிறது.

"இன்னாடி பண்ணே?" என்றார்.

"நான் ஒண்ணும் பண்ணல நைனா."

"நீ ஒண்ணும் பண்ணலன்னா இந்த வூட்ல எதுவும் கெட்டே போவாதே."

இதுதான் என் விதி. போன மாதம் எங்கள் சர்ச் சபையிலிருந்து ஒரு பெரியவர் மெஷினைப் பார்க்க வந்தார். டிவி என்று நினைத்துவிட்டார். "படம் எப்பம்மா வரும்?" என்று கேட்டார். ஞாயிறு ஆறு மணிக்கு, மேல் மூடியைத் திறந்து உள்ளே குனிந்து பார்க்கணும் என்றேன். பாவம், ஆறு மணிக்கு வந்துவிட்டார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. அன்றைக்கு நைனா என்னை மெஷின் இல்லாமலே துவைத்தார்.

ஆனால் இந்தத் தடவை சத்தியமாக நான் இல்லை. யார் நம்புவார்கள்? நாள்குறிப்பே, நீயாவது நம்பு.

18 ஜூன்

தண்ணீரைச் சொம்பால் மொண்டு வெளியே ஊற்றினேன். முப்பத்தொரு சொம்பு. பக்கத்து வீட்டு அம்சவேணி அக்கா மதில் மேல் கையை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தாள்.

"சீமையிலர்ந்து மிஷின் வந்துச்சுன்னாங்க, இப்ப சொம்பால மொண்டுக்கினு கீறே. எங்க வூட்ல ஒரு மிஷின் கீது ஜெயசீலி, கல்லுன்னு பேரு. என் கல்யாணத்துலர்ந்து ரிப்பேரே ஆவல."

"உங்க மெஷினுக்குக் கரண்ட்டு நீங்கதானேக்கா" என்றேன்.

சிரித்தாள். அவள் சிரித்தால் மதில் ஆடும்.

20 ஜூன்

அம்மாவுக்கு நைனா கடிதம் எழுதினார். 'அன்புள்ள ஜீவரத்தினம்' என்று அம்மா பேரைப் போட்டு, மூன்று வரி. மீதி இடத்தில் நான் எழுதினேன்: "மெஷினில் தண்ணீர் வடியவில்லை, அம்மா. நான் ஒன்றும் செய்யவில்லை."

23 ஜூன், ஞாயிறு

திருப்பதியிலிருந்து சிட்டிபாபுவை நைனா கூட்டிவந்தார். ரேடியோ ரிப்பேர்காரர். மெஷினை முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார், தட்டினார், காதை வைத்தார். மாட்டு வைத்தியர் மாதிரி வயிற்றைத் தடவிக்கூடப் பார்த்தார். "நாகு தெலீது சார்" என்று, தனக்குத் தெரியாது என்பதைத் தெலுங்கில் சொல்லிக் கும்பிடு போட்டார். காபி குடித்துவிட்டுப் போனார். ரேடியோவைப் போகிறபோக்கில் துடைத்துவிட்டுப் போனது லாபம்.

9 ஜூலை, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை முழுதாக எழுத வேண்டும்.

அம்மாவின் கடிதம் வந்தது. கவர் கனமாக இருந்தது. நான்கு பக்கம்! மெஷினின் படம் வரைந்து அம்பு போட்டிருக்கிறாள். "சீலி, பயப்படாதே. துவைக்கிற தொட்டியின் அடியில் சல்லடை மாதிரி ஒரு மூடி இருக்கும். கரண்ட்டை நிறுத்திவிட்டு அதைக் கழற்று. நீ சின்ன வயசில் மூக்குக்குள் சிலேட்டுக் குச்சி போட்டுக்கொண்டாயே, அதைக் கொண்டை ஊசியால் எடுத்தேனே, அந்த மாதிரி நிதானமாக எடு" என்று எழுதியிருக்கிறாள். சிலேட்டுக் குச்சிக் கதையே ஒரு பக்கம்.

நைனா ஸ்டேஷனுக்குப் போயிருந்தார். மூடியைக் கழற்றி, பழைய குடைக் கம்பியால் துழாவினேன். வந்தது என்ன தெரியுமா? வேர்க்கடலை! ஏழு பருப்பு. ஊறிப்போய்க் கட்டைவிரல் பருமன். ஒன்று முளைவிட்டே இருந்தது.

ஜூன் மாதம் விதைப்புக்காக விதைக்கடலை மூட்டைகள் ரயிலில் வந்து இறங்கும். நைனா பார்சல் ஆபீஸ் கிளார்க். மூட்டையில் ஓட்டை இருந்தால் அவர் பேன்ட் பாக்கெட்டிலும் பாரம் ஏறும். அதை அப்படியே மெஷினில் போட்டிருக்கிறார். குற்றவாளி நைனா! ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக் குமிழைத் திருப்பினேன். கடகடகட. கொல்லையில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டுக் குதித்தேன்.

அவர் வரட்டும், ஏழு பருப்பையும் சோற்றில் வைத்துப் பரிமாறலாம் என்று இருந்தேன்.

பிறகு உட்கார்ந்தேன். அம்மாவின் பழைய கடிதங்களை எடுத்தேன். ஜனவரி, ஒன்பது வரி. மார்ச், எட்டு. ஏப்ரல், எட்டு. மே, ஏழு. எல்லாவற்றிலும் 'நன்றாகப் படி, ஜெபம் பண்ணு, நைனா சொல்வதைக் கேள்'. இன்றைக்கு நான்கு பக்கம்.

சரியாகிவிட்டது என்று எழுதினால் அடுத்தது எத்தனை வரி வரும்?

என் பழைய ஸ்கூல் சாக்ஸ் ஒன்றைச் சுருட்டி, ஓட்டைக்குள் திணித்து, மூடியைப் போட்டுவிட்டேன்.

முளைவிட்ட பருப்பை மட்டும் கொல்லையில் ஒரு தகர டப்பாவில் நட்டேன். அது என்ன தப்பு பண்ணியது?

10 ஜூலை

அம்மாவுக்கு எழுதினேன். "நீ சொன்னபடி பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை. பம்பு மட்டும் 'ர்ர்ர்' என்று சத்தம் போடுகிறது."

பம்பு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தண்ணீர் போகிற எதற்கும் ஒரு பம்பு இருக்கும்தானே? வடியாத மெஷினைப் பற்றி ஒரு வடிகட்டின பொய்.

21 ஜூலை

பொய்க்கு வாடகை உண்டு என்று யாரும் சொல்லித்தரவில்லை. நைனாவின் வெள்ளை யூனிபார்ம் தினம் ஒரு செட். கையால். அம்சவேணி அக்காவின் கல்லில். விரல் நுனியெல்லாம் சுருங்கி, ஏழு கடலைப் பருப்பு மாதிரியே இருக்கிறது.

5 ஆகஸ்ட்

ஐந்து பக்கம்! "சத்தம் 'ர்ர்ர்' என்று வருகிறதா, 'க்ர்ர்' என்று வருகிறதா? நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்க்க வேண்டும். காலை மாலை இரண்டு வேளையும் கவனித்து சார்ட் போட்டு அனுப்பு." கூடவே, எங்கள் பேச்சு எதுவும் தெரியாத ஒரு பாட்டி வார்டில் தினம் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசுகிறாளாம். அம்மா பதிலுக்குத் தமிழில் என்னைப் பற்றிச் சொல்லுவாளாம். இரண்டு பேருக்கும் ஒன்றும் புரியாது, இரண்டு பேரும் அழுவார்களாம்.

இதையெல்லாம் ஏன் முன்னால் எழுதவில்லை?

சார்ட் போட்டேன். காலை: ர்ர்ர். மாலை: க்ர்ர், லேசான இருமல். ஜுரம் இல்லை.

30 ஆகஸ்ட்

"பம்பில் காற்று அடைத்திருக்கலாம். கொல்லையில் இருக்கும் குழாயின் வாயில் உன் வாயை வைத்து ஒரு பாட்டு பாடு. மூன்று சரணமும் பாட வேண்டும்."

பாடினேன். குழாய்க்குள் என் குரல் பெரிய ஆள் குரல் மாதிரி கேட்டது. நிமிர்ந்தால் மதில் மேல் அம்சவேணி அக்கா.

"இன்னாடி இது? ஞாயித்துக்கெழம கோயில்ல பாடறது பத்தலன்னு பைப்புக்குள்ள பாடிக்கினு கீறே?"

"வைத்தியம்க்கா."

"உனக்கா, பைப்புக்கா?"

திரும்பக் குனிந்து மூன்றாவது சரணத்தை ஆரம்பித்தேன்.

12 செப்டம்பர்

நைனாவுக்கு டபுள் டூட்டி. ஸ்கூல் விட்டு வந்து மெஷின் மேல் ஏறி உட்கார்ந்து, லேஸ் விரிப்பில் குழம்பு சிந்தச் சிந்தத் துன்னேன். யாரும் திட்டவில்லை. திட்ட ஆளில்லாத வீட்டில் குறும்பு பண்ணி என்ன பிரயோஜனம்? நானே இறங்கி, நானே விரிப்பைத் துவைத்தேன்.

கடலைச் செடி மஞ்சளாகப் பூத்திருக்கிறது. அதனிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

25 செப்டம்பர்

நேற்று அம்மாவிடமிருந்து ஆறு பக்கம். இதுவரைக்கும் இதுதான் ரெக்கார்டு.

டிசம்பர் இருபதாம் தேதி லீவு என்று போகும்போதே சொல்லிவிட்டுப் போனாள். இன்னும் எண்பத்தாறு நாள். 'கிறிஸ்துமஸுக்குக் கண்டிப்பாக வந்துவிடு அம்மா' என்று எழுத உட்கார்ந்தேன். பேனா நகரவில்லை. என்னமோ வெட்கம். வரத்தானே போகிறாள், அதை வேறு கெஞ்சணுமா? அந்த இடத்தில், 'பம்பு இப்போது கொட்டாவி விடுகிறது' என்று எழுதி, அதற்குப் படமும் போட்டேன்.

18 அக்டோபர், வெள்ளி

வரமாட்டாள்.

19 அக்டோபர்

நேற்று எழுத முடியவில்லை.

அம்மாவோடு வேலை செய்கிற மனோரமா என்கிற நர்ஸ். சித்தூர்க்காரி. நான்கு வயசுப் பையனை அவள் அம்மா வீட்டில் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அவன் யாரோடும் பேசுவதில்லையாம், சாப்பிடுவதில்லையாம். கிறிஸ்துமஸுக்கு ஒரே ஒருத்திக்குத்தான் லீவு. அம்மா தன் லீவை அவளுக்குக் கொடுத்துவிட்டாள். அம்மாவுக்கு மே மாதம். "உன் கடிதங்களைப் பார்த்துத்தான் எனக்குத் தைரியம் வந்தது சீலி. என் பெண் சிரித்துக்கொண்டு இருக்கிறாள், தாங்கிக்கொள்வாள் என்று நினைத்தேன்."

சிரித்துக்கொண்டு இருக்கிறேனாம்!

நான்கு மாதம். எத்தனை பக்கம். ர்ர்ர், க்ர்ர், இருமல், கொட்டாவி. ஒரு வரி, ஒரே ஒரு வரி, 'வா' என்று எழுதினேனா? எழுதலியே. இன்னாத்துக்கு எழுதல? எவ கைய புடிச்சா?

மெஷின் மூடியைத் திறந்து, சல்லடையைப் பிய்த்து, சாக்ஸை உருவி, ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக் குமிழைத் திருப்பினேன். அதே சமயம் நைனா உள்ளே வந்தார். தண்ணீர் கடகடவென்று போகிற சத்தத்தில் அவர் செருப்புச் சத்தம் கேட்கவில்லை.

சாக்ஸைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எப்பலர்ந்து?"

"ஜூலைலர்ந்து."

"அப்போ மிஷின் நல்லா இருந்தும் என் டிரெஸ்ஸெல்லாம்...?"

"கையால."

அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். என் கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகக்கணுவில் இருந்த வெடிப்பையெல்லாம் விரலால் தடவினார். பிறகு மெஷினில் சாய்ந்தாற்போலத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு வர்ற லெட்டர்ல எட்டு வரிதாம்மே இருக்கும்" என்றார். "நீ ஸ்கூலுக்குப் போனதும் உன்னுத எடுத்துப் படிப்பேன். ஒண்ணொண்ணும் ரெண்டு வாட்டி. அந்த பாட்டி கத, வார்டு கத... அதெல்லாம் எனக்கு எழுதவே இல்ல அவ. மெக்கானிக்கு வேலூர்ல ஒருத்தன் கீறான்னு ஆகஸ்ட்லயே சொன்னாங்க."

"ஏன் நைனா கூட்டினு வரல?"

சாக்ஸைப் பிழிந்து மடியில் வைத்துக்கொண்டார். நான்தான் முட்டாள், கேட்டேன்.

கடலை விஷயத்தைச் சொன்னேன். பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இன்றைக்கும் இருந்தது. ஆளுக்கு நான்கு துன்னோம்.

20 அக்டோபர், ஞாயிறு

அம்மாவுக்கு எழுதினேன். இதுவரை எழுதினதிலேயே சின்னக் கடிதம்.

"அம்மா, மெஷின் ஜூலை ஒன்பதாம் தேதியே சரியாகிவிட்டது. நீ சொன்ன இடத்தில்தான் அடைப்பு இருந்தது. நான்தான் திரும்ப அடைத்துவைத்தேன். நான் சிரித்துக்கொண்டு இல்லை. வா."

3 நவம்பர்

கடலைச் செடியைப் பிடுங்கினோம். பதினாறு காய். நைனா ஒன்றைக்கூடப் பாக்கெட்டில் போடவில்லை. அதை இங்கே எழுதிவைக்க வேண்டும்.

14 நவம்பர், வியாழன்

அம்மாவின் பதில். ஒரே பக்கம்தான். அப்படியே எழுதிவைக்கிறேன்.

"சீலி, அந்த மெஷினில் பம்பே கிடையாது. குமிழைத் திருப்பினால் உள்ளே அடைப்பான் மேலே எழும்பும், தண்ணீர் தானாக இறங்கிப் போகும். அவ்வளவுதான். 'பம்பு சத்தம் போடுகிறது' என்று நீ எழுதின அன்றைக்கே எனக்குத் தெரியும். சார்ட் போடச் சொன்னதும் பாட்டு பாடச் சொன்னதும் சும்மா. நீ மட்டும்தான் குறும்புக்காரியா? எங்கேயிருந்து வந்தது உனக்கு?

பம்பு இல்லையே என்று நான் எழுதியிருந்தால் நீ நிறுத்தியிருப்பாய். அதற்கு முன்னால் நீ எழுதின கடிதங்களை எடுத்து எண்ணிப் பார்த்தேன். ஆறு வரி. ஐந்து வரி. 'நலம், படிக்கிறேன், பணம் வந்தது.'

பொய்யைக் கண்டுபிடித்தேன். பொய்க்குக் கீழே என்ன இருந்தது என்று கண்டுபிடிக்கவில்லை. நர்ஸ் வேலை பார்த்து என்ன பயன்? லீவைத் திருப்பிக் கேட்க முடியாது, மனோரமா பையனுக்குச் சட்டை எல்லாம் வாங்கிவிட்டாள். மே பதினொன்று. நீ 'வா' என்று எழுதின தாளை யூனிபார்ம் பாக்கெட்டில் வைத்திருக்கிறேன். துவைக்கும்போது மட்டும் எடுத்துவிடுகிறேன்."

ஆறு வரி, ஐந்து வரி. நான் அவளுடையதை எண்ணினேன். என்னுடையதை எண்ணவே இல்லை.

25 டிசம்பர்

வாசலில் நட்சத்திரம் கட்டினோம். நைனா சட்டை பளிச்சென்று இருந்தது, மெஷின் துவைத்தது. கோயிலில் அம்மா உட்காருகிற இடத்தில் யாரும் உட்காரவில்லை. அதுவே கொஞ்சம் கஷ்டமாக இருந்தது, யாராவது உட்கார்ந்திருக்கலாம்.

28 டிசம்பர், சனி

மனோரமா வந்தார். சித்தூரிலிருந்து பஸ்ஸில், பையனோடு. அம்மா கொடுத்தனுப்பின பார்சலைக் கொடுக்க.

உண்மையை எழுதுகிறேன். காலையிலேயே தனியாக ஒரு டப்பாவில் காபித்தூளோடு புளியங்கொட்டைப் பொடி கலந்து வைத்திருந்தேன். அவருக்காக.

பையன் அவர் புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிச் சுற்றிப் பிடித்துக்கொண்டு இருந்தான். உட்கார்ந்தால் உட்கார்ந்தான், எழுந்தால் எழுந்தான். பாத்ரூமுக்குப் போனபோது கதவுக்கு வெளியே தலைப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் நல்ல டப்பாவிலிருந்து காபி போட்டேன்.

"உன் லெட்டர் வந்தா ஜீவரத்தினம் அக்கா மெஸ்ல படிப்பாங்கம்மா" என்றார் மனோரமா. "கொட்டாவி விட்ற பம்பு! நாங்க அத்தினி பேரும் வயித்த புடிச்சிக்கினு சிரிப்போம். படிச்சிட்டு உங்கம்மா பாத்ரூமுக்குப் போய்க் கொழாயத் தொறந்து வுட்டுக்குவாங்க. ரொம்ப நேரம் தண்ணி ஓடிக்கினே இருக்கும். நாங்க ஒண்ணும் கேக்க மாட்டோம்."

நைனா எழுந்து கொல்லைப்பக்கம் போனார்.

பையன் மெஷினைக் காட்டி, "டிவியா?" என்று கேட்டான். வந்ததிலிருந்து அவன் பேசின முதல் வார்த்தை. மனோரமா என்னைப் பார்த்தார், கண் கலங்கி.

"ஆமாடா" என்றேன். மூடியைத் திறந்து, அவனைத் தூக்கி, உள்ளே காட்டினேன். அடியில் கொஞ்சம் தண்ணீர் நின்றது. அதில் அவன் முகமும் என் முகமும். "பாரு, படம் வந்துச்சு."

சிரித்தான். புடவைத் தலைப்பை விட்டுவிட்டுச் சிரித்தான்.

11 ஜனவரி 1986

நாளைக்கு மனோரமா குவைத்துக்குத் திரும்புகிறார். அவரிடம் கொடுத்தனுப்ப நைனா இன்றைக்குச் சித்தூருக்குப் போனார். பதினாறு கடலைக் காய், ஒரு துணிப்பையில். கூட என் கடிதம், ஏழு பக்கம். பாதிக்கு மேல் உண்மை. மெஷின் இப்போது ஒழுங்காக ஓடுகிறது என்றும், நான் சில நாள் ஒழுங்காக இல்லை என்றும், மே பதினொன்றுக்கு இன்னும் நூற்றிருபது நாள் என்றும் எழுதினேன். கடைசியில், பழக்கதோஷம், ஒரு வரி சேர்த்தேன்: "பம்பில்தான் மறுபடி ஏதோ சத்தம்."

அவர் கிளம்புமுன் கவரை ஒட்டக் கொடுத்தேன். ரொம்ப நேரம் ஒட்டாமல் வைத்துக்கொண்டு இருந்தார். எட்டிப் பார்த்தேன். என் எழுத்துக்குக் கீழே, பார்சல் ஆபீஸ் பேனாவால், அவர் எழுதியிருந்தது:

"எனக்கும் கேட்கிறது, ஜீவரத்தினம்."